வெள்ளிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு கிழமையையே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. 1961இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் தொழில்முறை ஃபுட்பால் அணிகளுக்கு ஒரு சலுகை தந்தது. அணிகள் ஒன்றாகச் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்கலாம். ஏகபோகம் என்று அதன்மேல் வழக்குப் போட முடியாது. சலுகையோடு ஒரு நிபந்தனையும் உண்டு. செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமையிலும், கல்லூரி ஆட்டம் நடக்கும் இடத்துக்கு 75 மைலுக்குள் உள்ள நிலையங்களில் தொழில்முறை ஆட்டத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் சலுகை போய்விடும். 1966இல் இதே காப்பு உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கும் கிடைத்தது. அதனால்தான், நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையில் 2023இல் ஆட்டம் நடத்தத் தொடங்கிய என்.எஃப்.எல். அமைப்பு, கோடிக்கணக்கான டாலர் புரளும் அந்த ஆட்டத்தைக் கிழக்கு நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்கே வைத்துக்கொண்டது.

பள்ளி நாடக விழாவுக்கோ, வயலின் கச்சேரிக்கோ, விவாதப் போட்டிக்கோ எந்த நாடாளுமன்றமும் இப்படி நாள் குறித்துக் கொடுத்ததில்லை.

இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டிமோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். நம் ஊர்க் கால்பந்து அவர்களுக்கு சாக்கர். 2023-24 கல்வியாண்டில் பதினோரு பேர் ஆட்டத்தில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடினார்கள். பையன்களின் பள்ளி விளையாட்டுகளில் முதலிடம் இதற்குத்தான். அடுத்த நிலையில் தடகளம், ஏறக்குறைய 6 லட்சம் பேர். ஆனால் ஆடுவோர் எண்ணிக்கைக்கும் பள்ளி வாழ்க்கையில் ஃபுட்பால் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் பொருத்தமே இல்லை. 2,500 பேர் படிக்கும் ஒரு பள்ளியில் எல்லா வகுப்பு அணிகளையும் சேர்த்தால்கூட இருநூறு பேர் தேறுவது அரிது. மற்ற 2,300 பேரின் வாரமும் அந்த இருநூறு பேரைச் சுற்றித்தான் அமைகிறது.

இதைப் பணத்தின் கதையாகச் சொல்வதே வழக்கம். அரங்கத்துக்கு இத்தனை கோடி, நூலகத்துக்கு இவ்வளவுதான் என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டுரை முடிந்துவிடும். எண்கள் பொய்யல்ல, கீழே நானும் சிலவற்றைத் தருகிறேன். ஆனால் பணம் இந்தக் கதையில் சிறுபாதிதான். ஃபுட்பால் மற்றவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் பெரியவை இரண்டு: பள்ளியின் நாட்காட்டியும் ஊராரின் கண்களும். இதைப் பார்க்க டெக்சாஸைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை.

மேற்கு டெக்சாஸில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே இருக்கும் ஊர் ஒடெஸ்ஸா. எச்.ஜி. பிஸ்ஸிங்கர் என்ற பத்திரிகையாளர் 1988இல் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்கினார். பெர்மியன் ஹைஸ்கூல் அணியை ஒரு சீசன் முழுவதும் பின்தொடர்ந்து எழுதிய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ நூல் 1990இல் வெளிவந்தது. பின்னாளில் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. பெர்மியன் ஆடிய ராட்லிஃப் அரங்கம் 1982இல் 56 லட்சம் டாலர் செலவில் கட்டப்பட்டது. 19,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே அப்போது ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

நூலில் பலரும் மேற்கோள் காட்டும் பகுதி பள்ளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து வருவது. பையன்கள் விளையாட்டுக்கான மருத்துவப் பொருள்களுக்கு அந்தப் பள்ளி 6,750 டாலர் செலவிட்டது. ஆங்கிலத் துறையின் கற்பிக்கும் பொருள்களுக்கு 5,040 டாலர். ஜெராக்ஸ் இயந்திரப் பராமரிப்பும், பாடநூல் தவிர்த்த மற்றப் புத்தகங்களும் இதில் அடக்கம். ஆட்டத்தின் படச்சுருளை அவசரமாகக் கழுவிப் பயிற்றுநர்கள் கையில் சேர்ப்பதற்கு மட்டும் 6,400 டாலர். வெளியூர் ஆட்டங்களுக்குத் தனி விமானம் அமர்த்தியதில் அந்த சீசனில் ஏறக்குறைய 70,000 டாலர். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆங்கிலத் துறைத் தலைவரின் சம்பளம் ஆண்டுக்கு 32,000; தலைமைப் பயிற்றுநர் கேரி கெய்ன்ஸுக்கு 48,000, கூடவே பயன்படுத்திக்கொள்ள ஒரு கார்.

எனக்கு அந்த நூலில் அதைவிட முக்கியமாகப்படுவது பெப்பெட் என்று அழைக்கப்பட்ட மாணவியர் குழு. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு மாணவி ஒதுக்கப்படுவாள். அவன் வீட்டு முற்றத்தில் பெயரும் எண்ணும் எழுதிய பலகை நடுவதும், ஆட்ட நாள்தோறும் அவனுக்குக் கேக்கோ இனிப்போ செய்து கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை. இது யாரோ ரசிகைகள் தாமாகச் செய்தது அன்று. பள்ளியின் அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்பின் நடவடிக்கை. ஒரு பெண் பள்ளியில் ‘பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்பாடு’ ஒன்றில் சேர்கிறாள். அந்தச் செயல்பாடு இன்னொருவன் ஆடுவதற்குப் பணிவிடை செய்வது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

ஃபுட்பால் மற்றவற்றை அழித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். பல கலைகள் அதன் தயவில் செழித்துத்தான் வாழ்கின்றன. டெக்சாஸ் பள்ளிகளின் மார்ச்சிங் பேண்ட் குழுக்கள் உலகத் தரம் வாய்ந்தவை. ஆலன் ஹைஸ்கூலின் பேண்டில் மட்டும் எழுநூறுக்கு மேல் மாணவர்கள் இருந்த ஆண்டுகள் உண்டு. நாட்டிலேயே பெரிய பள்ளி பேண்ட் தங்களுடையது என்பது அவர்கள் பெருமை. ஆனால் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அவர்கள் உழைப்பெல்லாம் ஆட்டத்தின் இடைவேளையில் கிடைக்கும் சில நிமிடங்களுக்காக. மாப்பிள்ளை ஊர்வலத்து நாதஸ்வரம் போலத்தான் அது; எல்லார் காதிலும் விழும், கேட்பதற்கென்று வந்தவர் யாருமில்லை. உட்கார்ந்து வாசிக்கிற இசைக்கு நேரம் கிறிஸ்துமஸுக்குப் பிறகே வருகிறது. வயலின், செல்லோ வைத்திருக்கும் மாணவர்களுக்கு அதுவும் இல்லை. செல்லோவைத் தூக்கிக்கொண்டு புல்தரையில் அணிவகுக்க முடியாதே.

நடனத்துக்கும் இதே கதை. கில்கோர் கல்லூரியின் ரேஞ்சரெட்ஸ் குழுவை 1940இல் கஸ்ஸி நெல் டேவிஸ் உருவாக்கினார். இடைவேளையில் கூட்டம் எழுந்துபோகாமல் இருக்கையில் இருத்த வேண்டும் என்பது கல்லூரித் தலைவர் அவரை அழைத்ததற்கான காரணங்களில் ஒன்று. அந்தப் பாணி டெக்சாஸ் பள்ளிகள் முழுவதும் பரவியது. எனவே ஃபுட்பாலோடு ஒட்டிக்கொள்ள முடிந்த கலைக்கு ஆடையும் பேருந்தும் கைதட்டலும் உண்டு. ஒட்ட முடியாதது ஓரத்தில் கிடக்கும். மறைத்தல் நடப்பது இப்படித்தான்: கொஞ்சத்தை வேலைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது.

உச்ச நீதிமன்றமே இதைக் கவனித்திருக்கிறது. டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளி மாவட்டத்தில் ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் ஒருவர் பிரார்த்தனை நடத்தும் வழக்கம் பற்றிய வழக்கில் 2000இல் தீர்ப்பு வந்தது. ஆட்டத்துக்கு வருவது அவரவர் விருப்பம்தானே, யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்று பள்ளித் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்டக்காரர்கள், சியர்லீடர்கள், பேண்ட் மாணவர்கள் ஆகியோர் வந்தே ஆக வேண்டும், சிலருக்கு அது மதிப்பெண் பெறும் பாடமும்கூட என்று சுட்டிக்காட்டியது. வழக்கு மதம் பற்றியது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு விருப்பப் பொழுதுபோக்கு அன்று என்பதை நாட்டின் உயர்ந்த மன்றம் போகிற போக்கில் பதிவு செய்துவிட்டது.

இனி நாட்காட்டி. டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு யு.ஐ.எல். என்ற பல்கலைக்கழகப் பள்ளிப் போட்டிக் கழகம். அதன் விதிப்படி, பள்ளி நேரத்துக்குள்ளேயே நாளுக்கு 60 நிமிடம் வரை விளையாட்டுப் பயிற்சி தரலாம். பள்ளிக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரம். இந்த வரம்பு எல்லா விளையாட்டுக்கும் பொது. ஆனால் பள்ளிகள் அந்த அறுபது நிமிடத்தைக் கால அட்டவணையில் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது யாரை நினைத்து முடிவெடுக்கின்றன என்பதைச் சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் பாடவேளைகளைச் சுருக்கி ஜிம்மில் உற்சாகக் கூட்டம். சாக்கர் சீசன் ஜனவரியில்தான் தொடங்கும். கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கினாலும், சிறிய பள்ளிகளில் ஃபுட்பால் அணி நாக்-அவுட் சுற்றில் வென்றுகொண்டே போனால் பாதி ஆட்டக்காரர்கள் டிசம்பர் வரை வர மாட்டார்கள். கூடைப்பந்துப் பயிற்றுநர் இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். அவரே ஃபுட்பாலில் உதவிப் பயிற்றுநராக இருப்பதும் சகஜம் என்பதால் புகார் சொல்லவும் ஆளில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சனிக்கிழமை விடிகாலையில் ஓடுகிறார்கள். முந்தின இரவு ஊரே கண்விழித்திருக்கும். பார்க்க வருவது பெற்றோர்தான்.

அந்த வரம்பும் போதவில்லை. அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு வெளியே பயிற்சி நடத்தியதற்காக 1990இல் பெர்மியன் அணியையே நாக்-அவுட் சுற்றில் ஆடவிடாமல் யு.ஐ.எல். தடுத்தது. முந்தைய ஆண்டுதான் அது மாநிலக் கோப்பையை வென்றிருந்தது.

இதே யு.ஐ.எல்.லின் பிறப்பு எதில் என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். 1910இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கிய பள்ளி விவாதக் கழகம்தான் அதன் மூலவேர். சில ஆண்டுகளில் விளையாட்டு அமைப்பு ஒன்றும் அதோடு சேர்ந்தது. மாநில ஃபுட்பால் பட்டம் வந்தது 1920இல்தான். இன்றும் யு.ஐ.எல். விவாதம், மனக்கணக்கு, எழுத்துக்கூட்டல், ஓரங்க நாடகம், அறிவியல் எனப் பல போட்டிகளை ஆண்டுதோறும் நடத்துகிறது. கட்டமைப்பு இருக்கிறது, நடுவர்கள் இருக்கிறார்கள், பதக்கமும் இருக்கிறது. பார்வையாளர் இல்லை.

சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1950களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்தார். ‘பள்ளியில் உன்னை எப்படி நினைவுகூர வேண்டும்?’ என்று பையன்களைக் கேட்டபோது, சிறந்த மாணவனாக என்றவர்களைவிட விளையாட்டு நட்சத்திரமாக என்றவர்களே அதிகம். 1961இல் வந்த அவர் நூல் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. வகுப்பில் ஒருவன் நன்றாகப் படித்தால் அது அவன் நண்பர்களுக்கு எதிரான வெற்றி. மற்றவர்களின் மதிப்பெண் மங்கிப்போகும். மைதானத்தில் ஒருவன் வென்றால் அது பள்ளி முழுவதற்கும் வெற்றி. பின் பிள்ளைகள் எதைக் கொண்டாடுவார்கள்? படிப்பிலும் பள்ளிக்குப் பள்ளி போட்டி வையுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. டெக்சாஸில் அந்த மருந்து அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே புழக்கத்தில் இருந்தது. ஆக, போட்டி மட்டும் போதாது. ஊர் திரண்டு வந்து பார்க்க வேண்டும்.

அப்படித் திரண்டு வந்ததும் உண்டு. 1930-31இல் ஹூஸ்டனில் சாம் ஹூஸ்டன் ஹைஸ்கூலில் ஓர் இளம் பேச்சுக்கலை ஆசிரியர் விவாத அணியைப் பொறுப்பேற்றார். ஃபுட்பால் அணிக்கு நடத்துவது போலவே விவாத அணிக்கும் உற்சாகக் கூட்டங்கள் நடத்தினார், செய்தித்தாள்களில் பெயர் வரவைத்தார், காலியாகக் கிடந்த அரங்கை நிறைத்தார். அணி மாநில இறுதிப் போட்டிவரை போய், நடுவர்களின் 3-2 வாக்கில் ஒரே வாக்கில் தோற்றது. அந்த ஆசிரியரின் பெயர் லிண்டன் ஜான்சன். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர். எல்லாப் பள்ளிக்கும் ஒரு ஜான்சன் கிடைக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் கூட்டம் ஃபுட்பாலுக்கு மட்டுமே வரும், அதுவே மனித இயல்பு என்ற வாதம் இந்த ஓர் உதாரணத்தில் அடிபட்டுப் போகிறது.

அரசியலில் இதைத் தொட்டவர்கள் சூடுபட்டிருக்கிறார்கள். 1984இல் ஆளுநர் மார்க் வைட் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் ‘தேறாவிட்டால் ஆட முடியாது’ என்ற விதி இருந்தது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரை அது. எந்த ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனாலும் ஆறு வாரம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. பயிற்றுநர்கள் கொதித்தார்கள். வழக்கும் வந்தது, 1985இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1986 தேர்தலில் வைட் தோற்றார். எண்ணெய் விலைச் சரிவும், ஆசிரியர்களுக்கே தகுதித் தேர்வு வைத்த கோபமும் அதில் சேர்ந்திருந்தன என்றாலும், ஃபுட்பால் உலகம் அவரை மன்னிக்கவே இல்லை. 1995இல் ஆறு வாரம் மூன்று வாரமாகக் குறைந்தது.

இந்த விதியால்தான் 1988இல் டாலஸின் கார்ட்டர் ஹைஸ்கூல் அணி ஆடலாமா கூடாதா என்பது ஒரு மாணவனின் இயற்கணித மதிப்பெண்ணில் தொங்கியது. ஒரு வகுப்பாசிரியர் போட்ட மதிப்பெண் நீதிமன்றம்வரை போனது. அரையிறுதியில் பெர்மியனை வென்று, இறுதிப் போட்டியிலும் வென்ற அந்த அணியின் பட்டம் பின்னால் பறிக்கப்பட்டது. கார்ட்டர் கறுப்பினத்தவர் அதிகம் படித்த பள்ளி. இதே தவறு வேறு பள்ளியில் நடந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்ற கேள்வி நியாயமானது.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். விளையாட்டு படிப்பைக் கெடுக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. ஒஹாயோ மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்த டேனியல் போவனும் ஜே கிரீனும், விளையாட்டில் முனைப்புக் காட்டும் பள்ளிகள் படிப்பிலும் சற்று மேலாகவே இருப்பதை 2012இல் காட்டினார்கள். பொருளியலாளர் பெட்ஸி ஸ்டீவன்சனின் 2010 ஆய்வு இன்னும் வலுவானது. பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு அதிகம் கூடிய மாநிலங்களில், பெண்கள் கல்லூரிக்குப் போவதும் வேலைக்குப் போவதும் கூடின. ஆக, விளையாட்டு பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறது. அப்படியானால் அந்த நன்மை ஒரே ஆட்டத்தில், ஒரே பாலினத்தில், ஒரே உடல்வாகில் குவிவது ஏன் என்பதுதான் கேள்வி. 1971-72இல் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் குறைவான பெண்களே பள்ளி விளையாட்டுகளில் இருந்தார்கள். 2023-24இல் 34 லட்சம். இந்தச் சட்டத்திலிருந்து வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று 1974இல் செனட்டில் திருத்தம் கொண்டுவந்தவர் ஜான் டவர். அவர் டெக்சாஸ்காரர் என்பதில் ஆச்சரியமில்லை. அவர் மனத்தில் இருந்தது கல்லூரி ஃபுட்பால். திருத்தம் நிலைக்கவில்லை.

சிற்றூர்களின் நிலையும் வேறு. மேற்கு டெக்சாஸின் வறண்ட நிலப்பரப்பில், பதினோரு பையன்களைத் திரட்ட முடியாத பள்ளிகள் ஆறு பேர் ஃபுட்பால் ஆடுகின்றன. 1934இல் நெப்ராஸ்காவில் ஸ்டீஃபன் எப்லர் உருவாக்கிய வகை அது. அங்கே ஒரே பையன் ஆட்டமும் ஆடுவான், இடைவேளையில் ஆட்ட உடையிலேயே ட்ரம்பெட்டும் வாசிப்பான், வசந்த காலத்தில் ஓரங்க நாடகத்திலும் நடிப்பான். ஆள் பற்றாக்குறை அவனை முழு மனிதனாக்குகிறது. ஒன்று மற்றொன்றை விழுங்கும் கதை பெரும்பாலும் பெரிய பள்ளிகளின் கதை.

விதிவிலக்கு ஒன்று, ரொம்பவும் பேசப்பட்டது. தெற்கு டெக்சாஸின் ப்ரீமாண்ட் என்ற சிறு பள்ளி மாவட்டம். கடனும் மோசமான தேர்ச்சியும் சேர்ந்து, மூடிவிடுவோம் என்று மாநில அரசு மிரட்டும் நிலைக்கு வந்திருந்தது. 2012இல் கண்காணிப்பாளர் எர்னஸ்ட் சிங்கிள்டன் எல்லா விளையாட்டையும் நிறுத்தினார். ஆண்டுக்கு 1.5 லட்சம் டாலர் மிச்சம். அமண்டா ரிப்ளி 2013இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கணக்குப்படி, அங்கே ஃபுட்பாலுக்கு ஓர் ஆட்டக்காரனுக்கு 1,300 டாலர் செலவானது. கணிதத்துக்கு ஒரு மாணவனுக்கு 618. நிறுத்திய பிறகு முதல் அரையாண்டில் 80 விழுக்காடு மாணவர்கள் பாடங்களில் தேறினார்கள். முந்தைய ஆண்டு 50. இவற்றைவிட எனக்கு நின்று யோசிக்கத் தோன்றியது வேறோர் எண். முந்தைய ஆண்டு பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். இப்போது 160 பேர். சேமித்த டாலர் யாரையும் பள்ளிக்கு இழுத்து வராது. போவதற்கு வேறு நிகழ்ச்சி இல்லாததால், பிள்ளை படிக்கிற இடம் பெற்றோர் கண்ணில் பட்டது. பின்னாளில் அங்கே விளையாட்டு மீண்டும் வந்தது, வரவும் வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்துவது நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதற்குச் சமம், சிகிச்சை ஆகாது.

உடல் ஆபத்தைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தானமாகப் பெற்ற 202 ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் மூளைகளில் 177இல் நாட்பட்ட மூளைச் சிதைவு இருந்தது. பள்ளியோடு நிறுத்திக்கொண்ட 14 பேரில் 3 பேருக்கு. அறிகுறி கண்டு பயந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தருவதால் இந்த விகிதத்தை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. பள்ளியில் ஆடுகிறவர்களில் கல்லூரி அணிவரை போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

மீண்டும் பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விடையின் ஒரு நுனி அங்கேதான் இருக்கிறது. ‘ஆறு கோடி டாலரில் அரங்கம் கட்டியதற்குப் பதில் ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தியிருக்கலாமே’ என்று கேட்பார்கள். சட்டப்படி முடியாது. அரங்கம் கட்டுவது கடன்பத்திரப் பணத்தில்; அதைத் திருப்பிக் கட்டுவதற்கென்றே தனிச் சொத்துவரி உண்டு; அந்தப் பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. ஆனால் அதே பணத்தில் ஆய்வகம் கட்டலாம், நீச்சல் குளம் கட்டலாம், நாடக அரங்கு கட்டலாம். எதைக் கட்டுவது என்று ஊர் தேர்ந்தெடுக்கிறது. ஊரிடம் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

டாலஸுக்கு வடக்கே உள்ள ஆலனில் 2009இல் 11.9 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. கலையரங்கம், பேருந்து நிலையம், 18,000 இருக்கைகள் கொண்ட ஃபுட்பால் அரங்கம் எல்லாம் ஒரே கட்டில். மக்கள் ஆம் என்றார்கள். 6 கோடி டாலர் அரங்கம் 2012இல் திறந்தது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடினார்கள். அடுத்த ஆண்டு மறுபடி திறந்தார்கள். சொந்த அரங்கமே இல்லாத 2014 சீசனிலும் ஆலன் அணி மாநிலக் கோப்பையை வென்றது என்பதை அரங்கம் கேட்பவர்கள் யாரும் நினைவுபடுத்துவதில்லை. ஹூஸ்டன் அருகே கேட்டி மாவட்டம் 2013இல் 9.9 கோடி கேட்டது. அதில் ஏறக்குறைய 7 கோடி அரங்கத்துக்கு. மக்கள் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே புதிய பள்ளிக் கட்டடங்களோடு சேர்த்து 74.8 கோடிக் கட்டில் அரங்கத்தை வைத்துக் கேட்டார்கள். நிறைவேறியது. பள்ளி வேண்டுமென்றால் அரங்கத்தையும் விழுங்க வேண்டும் என்ற நிலை.

2019இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. ஆயிரம் இருக்கைக்கு மேற்பட்ட அரங்கம் என்றால் வாக்குச்சீட்டில் தனி வரியாகக் கேட்க வேண்டும். ஆலனுக்குப் பக்கத்தில் வேகமாக வளரும் ப்ராஸ்பர் பள்ளி மாவட்டம் 2023இல் அப்படிக் கேட்டது. புதிய பள்ளிகளுக்கான 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட பெருந்தொகையை மக்கள் ஏற்றார்கள். தனி வரியில் இருந்த 9.4 கோடி டாலர் அரங்கத்துக்கு இல்லை என்றார்கள். எல்லா ஊரும் இப்படிச் சொல்லிவிடவில்லை. அரங்கத்துக்கு ஆம் என்ற ஊர்களும் இருக்கின்றன. ஆனால் டெக்சாஸ் மக்கள் ஃபுட்பாலுக்கு எதையும் கொடுப்பார்கள் என்ற பழைய நம்பிக்கையில் பாதி, கேள்வியை மூட்டையாகக் கட்டிக் கேட்டதால் வந்தது.

ஆலன், மெக்கின்னி, ஃபிரிஸ்கோ, ப்ராஸ்பர் என்ற இந்தப் பெயர்கள் தமிழ் வாசகர் பலருக்கு வரைபடம் பார்க்காமலே தெரிந்திருக்கும். அண்ணன் மகளோ, பக்கத்து வீட்டுப் பையனோ அங்கே குடியிருப்பார்கள். 2018இல் மெக்கின்னியில் ஏறக்குறைய 7 கோடி டாலர் ஃபுட்பால் அரங்கம் திறந்தது. அதே ஆண்டு தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியை வென்றவன் மெக்கின்னியில் வசித்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன். இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்கள் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போவது குறைவு. பிள்ளையை ட்யூஷனுக்கும் போட்டிக்கும் தாங்களே கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளி என்ன செய்கிறது என்று கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். மார்ச்சிங் பேண்டில் மகள் கிளாரினெட் வாசிக்கிறாள் என்று வெள்ளிக்கிழமை போய் உட்காருகிறவர்கள், விவாத அணிக்கு அறை இருக்கிறதா, ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பேருந்து கிடைக்கிறதா என்று கேட்பதில்லை. டெக்சாஸில் கடன்பத்திர வாக்கெடுப்புகள் மே மாதம் முதல் சனிக்கிழமையிலும் நவம்பர் தேர்தல் நாளிலும் நடக்கின்றன. மே வாக்கெடுப்பில் வாக்களிக்க வருகிறவர்கள் மிகச் சொற்பம். சில நூறு வாக்குகள் முடிவை மாற்றிவிடும். குடியுரிமை பெற்ற தமிழர்கள் அந்த நாளில் போய், அரங்கத்துக்கான வரியைத் தனியே படித்துப் பார்த்து வாக்களிக்க வேண்டும். அதற்கு முன், பிள்ளை படிக்கிற பள்ளியின் யு.ஐ.எல். விவாதப் போட்டி எந்த நாளில் நடக்கிறது என்று விசாரித்து ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் கிடையாது, இடத்துக்கும் பஞ்சமில்லை.